பெருமருந்துக் கொடியில் ஒரு புழு

விடாமல் பிடித்திருந்த மழை வெறித்த காலையில் பன்றிக்குக் கழனித் தண்ணீர் ஊற்றப் போன போங்யோ, வேலியில் படர்ந்திருந்த பெருமருந்துக் கொடியைப் பார்த்துவிட்டு, "அட நாசமாப் போறதே!" என்றாள். கொடியில் பாதி இலையைக் காணோம். இலை போனால் போகட்டும், தண்டையே ஓரிடத்தில் சுற்றிவரக் கடித்து வைத்திருந்தது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் வாடித் தொங்கியது. தின்ற மகராசன் யாரென்று வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தேடினாள். அடித்தண்டில் சாவகாசமாக ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு புழு.

ஆண்பிள்ளையின் கட்டைவிரல் தடிமன் இருக்கும். கறுப்பும் ஊதாவும் கலந்த உடம்பு. உடம்பெல்லாம் கொழுகொழுவென்று சதைமுள், முள்ளின் நுனியெல்லாம் சிவப்பு. நடு இடுப்பில் வெள்ளைத் துண்டைச் சாய்த்துக் கட்டிய மாதிரி ஒரு பட்டை.

இந்தச் சாதிப் புழு அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இவ்வளவு பெரிதாக ஒன்றை அவள் கண்டதில்லை. கண்டதில்லை என்ன, வளரவே விட்டதில்லை. வருஷா வருஷம் முதல் மழை விழுந்ததும் விடியக்காலையில் கொடியடியில் வந்து நிற்பாள். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அரிசி அளவிலும் நகத்தளவிலும் இருக்கிற புழுக்களை இரண்டு மூங்கில் குச்சியால் கவ்வி எடுத்துச் சுண்ணாம்பு போட்ட தகர டப்பாவுக்குள் தள்ளுவாள். ஒருமுறை வாத்துக்குப் போட்டுப் பார்த்தாள். வாத்து வாயில் வைத்துவிட்டுத் துப்பி, அலகை மண்ணில் தேய்த்துக்கொண்டது.

மலை சூழ்ந்த எங்கள் பூலி ஊரில் மலை ஏறுகிறவன் வீட்டிலெல்லாம் இந்தக் கொடி ஒன்று நிற்கும். வண்ணத்துப்பூச்சி பிடிக்கப் போகிறவன் இடுப்பில் இதன் வேர்த்துண்டு இல்லாமல் போக மாட்டான். பாம்பு தீண்டினால் மென்று விழுங்கவும் வேண்டும், அரைத்துக் கடிவாயில் அப்பவும் வேண்டும். போங்யோவின் புருஷன் சுய்போக் முழங்கால் தேய்கிற வரைக்கும் ஏறினார். அவர் உட்கார்ந்ததும் மூத்த மகன் தியாம்சாய் ஏறினான். இரண்டு பேர் இடுப்பிலும் வேர் கட்டி அனுப்பியவள் அவள்தான். வேர் வேண்டுமென்றால் கொடி தழைக்க வேண்டும், கொடி தழைக்க வேண்டுமென்றால் புழு ஆகாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தியாம்சாயைப் பாம்பு கடிக்கவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆவிகளின் மாதமான ஏழாம் மாதத்தில், பள்ளத்தாக்கு விளிம்பில் நின்று பொன்னிறகுப் பூச்சிக்கு வலையை வீசினவன் ஈரப்பாறையில் வழுக்கிக் கீழே போய்விட்டான். ஓடையிலிருந்து தூக்கிவந்து முற்றத்தில் கிடத்தியபோது அவன் இடுப்பில் வேர்த்துண்டு கட்டியபடியே இருந்தது. முடிச்சைக்கூடத் தண்ணீர் அவிழ்க்கவில்லை.

அதோடு அந்த வீட்டில் மலை முடிந்தது. சுய்போக் வலைக்கழியைக் காலில் வைத்து ஒடித்துப் போட்டார். சின்னவன் ஆகூவைக் காகித ஆலையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஊறிய மரப்பட்டையைச் சுமந்து சுமந்து அவன் கைவிரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. கொடியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தப் புழு இந்த அளவுக்கு வந்திருக்கிறது.

போங்யோ வழக்கம்போலக் கீழே தட்டி மரச்செருப்பால் நசுக்கக் காலைத் தூக்கினாள். அது தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டியது. குப்பென்று ஒரு வாடை அடித்தது.

"என்னையா மிரட்டுறே?" என்றாள். தூக்கிய காலை என்னவோ இறக்கினாள். "தின்னு போ. இனிமே கொடி யாருக்கு வேணும்?"

அவளுக்கு அப்பன் வைத்த பெயரே அப்படித்தான். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்து சலித்துப்போன வீட்டில், கிடந்து வளரட்டும் என்ற அர்த்தத்தில் போங்யோ என்று வைப்பார்கள். புழுவும் அப்படிக் கிடந்து வளரட்டும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

போங்யோ வேலை செய்கிற லிம் முதலாளியின் பட்டறையில் பெண்கள் நீள மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இறகு பிய்ப்பார்கள். மலையிலிருந்து முக்கோணமாய் மடித்த தாள்களில் பூச்சிகள் கூடை கூடையாக வந்து இறங்கும். தாளைப் பிரித்து, இறகைச் சிமிட்டாவால் கிள்ளி எடுத்து, நிறம் பார்த்துத் தட்டில் போட வேண்டும். உடம்பு காலடிக் கூடைக்குப் போகும். அப்புறம் அந்த இறகை ஒட்டிக் கோபுரம், மலை, மயில், சாமி, வெள்ளைக்காரி முகம் என்று படம் செய்வார்கள். கப்பலில் போகும். யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ, பெண்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு மூக்கிலும் தொண்டையிலும் இறகுத் தூள்தான் மிச்சம்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சியூகிம். அடுத்த வீட்டுக்காரி. வாய் ஓயாது.

"ஒண்ணுமில்லடி. பெருமருந்துக் கொடியில ஒரு புழு. இம்மாம் பெரிசு."

"புழுவப் பாத்தா பயந்தே? நான் தினம் எம்புருஷன் மூஞ்சியிலதான் முழிக்கிறேன். பயந்தேனா?"

எதிர்வரிசைக் கிழவி சிரித்தாள். "உம்புருஷன என்னடி குறை சொல்றே? பூச்சிய வரவழைக்க ஆத்துமணல்ல எல்லாரும் மூத்திரம் ஊத்துறானுங்க, அவன் ஊத்தின எடத்துலதான் மொய்க்குதாம். மத்தவன் மூத்திரத்த மோந்துகூடப் பாக்கலையாம்."

"அந்த ஒரு தொழிலாவது உருப்படியா செய்யுதே" என்றாள் சியூகிம். மேசை முழுக்கச் சிரித்தது. "சரி, புழு எப்படியிருக்கு? அதச் சொல்லு."

"கறுப்பா, முள்ளு முள்ளா இருக்குடி. இடுப்புல வெள்ளத் துண்டு கட்டின மாதிரி."

"அப்போ எழவு வீட்டுக்குக் கெளம்புன புழு!" என்று சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று சியூகிம்முக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். போங்யோ தலை நிமிராமல் அடுத்த தாளைப் பிரித்தாள். உள்ளே பொன்னிறகு இருந்தது. சியூகிம் அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, தன் வெள்ளைப் பூச்சித் தாள்களைப் போங்யோ பக்கம் தள்ளினாள். தியாம்சாய் போனதிலிருந்து அப்படித்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

லிம் முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து போங்யோ பின்னால் நின்றார்.

"அண்ணி, ஆகூ எப்படி இருக்கான்? காகித ஆலையில கெடந்து ஊறுறானாமே. மலை ஏறுற காலு அது."

"இருக்கட்டும் முதலாளி. நடமாடிக்கிட்டு இருக்குற காலு அது, அது போதும்."

"பொன்னிறகு வரத்தே இல்ல. வாங்குற ஜப்பான்காரன் தலையத் தின்னுறான். நான் இப்பவே ஏறச் சொல்லல. ஏழாம் மாசம் முடியட்டும்."

"போன தடவ மாசம் முடியட்டும்னா சொன்னீங்க?"

முதலாளி இறகுத் தட்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிட்டார். ஏழாம் மாதத்தில் மலைக்கும் ஆற்றுக்கும் போகக் கூடாது என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவசரம் என்று அன்றைக்கு ஆள் அனுப்பியவர் அவர். ஆனால் மகனைப் போ என்று சொன்னவர் சுய்போக். தியாம்சாய் தயங்கி நின்றபோது, "வயித்துக்கு ஏதுடா ஏழாம் மாசம்?" என்று அவர் கத்தினது சியூகிம் வீடு வரைக்கும் கேட்டது. முதலாளியை ஊர் மன்னித்துவிட்டது, அவர் முதலாளி. சுய்போக்கை மன்னிக்கவில்லை. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, கோயில் முற்றத்தில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். அவர் போவதை விட்டுவிட்டார்.

அன்று பொழுது சாய ஆகூ வேலை விட்டு வந்தான். சர்க்கரைவள்ளி போட்ட கஞ்சியும் முள்ளங்கி ஊறுகாயும் பொரித்த கருவாடும் வைத்தாள். தகப்பனும் மகனும் ஒரே மேசையில் இரண்டு ஊர்க்காரர்கள் மாதிரி உட்கார்ந்து குடித்தார்கள்.

"ம்மா, இந்த மாசம் முடிஞ்சதும் நான் மலைக்குப் போறேன்" என்றான் ஆகூ. அம்மாவிடம் சொல்கிற மாதிரி அப்பாவுக்குச் சொன்னான்.

போங்யோ வாயைத் திறக்கும் முன் சுய்போக் சொன்னார்: "வலைக்கழிய ஒடிச்சது மறந்துபோச்சா?"

"நீங்க ஒடிச்சீங்க. ஊர்ல மூங்கிலா இல்ல?"

"ஏறுனேன்னா இந்த வாசப்படிய மிதிக்காத."

"எத்தன நாளைக்குப்பா பட்டை சொமக்குறது? எங்கையப் பாருங்க. பொணத்துக் கை மாதிரி இருக்கு."

"பொணமா இல்லையில்ல? சுமடா."

ஆகூ கிண்ணத்தை ணங்கென்று வைத்துவிட்டு வெளியே போனான். போங்யோவுக்கு வயிறு குளிர்ந்தது. புருஷன் மேல் அவளுக்கு ஆயிரம் கசப்பு உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மனுஷன் பாறையாக நிற்கிறார், நிற்கட்டும். அவர் போகாதே என்று சொல்கிற வரைக்கும் ஆகூ போக மாட்டான். எவ்வளவு துள்ளினாலும் அப்பன் சொல்லைத் தாண்டுகிற பிள்ளை இல்லை அவன். தியாம்சாயும் அப்படித்தான் இருந்தான்.

சில நாளில் புழு தின்பதை நிறுத்தியது. வேலி மூங்கிலில் ஏறி, இடுப்பில் ஒரு நூலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. அடுத்த நாள் பார்த்தால் புழு இல்லை. காய்ந்த இலையைச் சுருட்டி ஒட்ட வைத்த மாதிரி ஒரு கூடு. போங்யோ விரலால் தொட்டாள். உள்ளேயிருந்து உஸ் உஸ் என்று சீறியது. "இன்னும் திமிரு அடங்கல பாரு" என்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று! மழை படாமல் இருக்கட்டும் என்று கிழிந்த மூங்கில் தொப்பி ஒன்றைக் கூட்டுக்கு மேலே கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சியூகிம் விடுவாளா?

புழு பறக்கும் என்பது ஊருக்குத் தெரியாத சங்கதியில்லை. எந்தப் புழு எதுவாகப் பறக்கும் என்றுதான் ஒருவரும் கேட்டதில்லை. பூச்சி மலையில் இருக்கும், புழு தோட்டத்தில் இருக்கும். அதைப் பிடிக்க வேண்டும், இதை நசுக்க வேண்டும். லட்ச லட்சமாய் இறகு பிய்த்த ஊருக்கு இவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஏழாம் மாதத்து நடுவில் ஆவிகளுக்குப் படைக்கிற நாள் வந்தது. தெருவில் எல்லா வீட்டு முன்னாலும் மேசை போட்டுவிட்டார்கள். போங்யோ விடியும் முன்பே எழுந்து கோழியை அவித்து, பன்றி இறைச்சித் துண்டத்தையும் மீனையும் வைத்து, அரிசி அப்பத்தை அடுக்கினாள். ஆதரவில்லாமல் அலைகிற ஆவிகள் முகம் கழுவிக்கொள்ள ஒரு பேசினில் தண்ணீரும் புதுத் துண்டும் வைத்தாள். மலையில் விழுந்து செத்தவன் எந்தக் கணக்கில் வருவான், வீட்டு ஆவியா, அலைகிற ஆவியா? இரண்டிலும் வைத்துவிடுவோம் என்று தியாம்சாய்க்கென்று தனியாக ஒரு கிண்ணம் சேமியாவும் வைத்தாள்.

அப்புறம் பன்றிக்கு ஊற்றப் போனாள். கூடு பிளந்திருந்தது.

தொப்பிக்குக் கீழே ஈரமும் கசங்கலுமாக ஒன்று தொங்கியது. துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருந்தது. வாளியைக் கையில் பிடித்தபடியே அவள் நின்றாள். மெல்ல மெல்லக் கசங்கல் நிமிர்ந்தது. முதலில் கறுப்பு, பட்டுக் கறுப்பு. அவள் உள்ளங்கையைவிடப் பெரிதாக விரிந்தது. அதற்குக் கீழே மடிந்திருந்த பின்னிறகு பிரிந்தபோது மஞ்சள் தெரிந்தது. வெயில் பட்டதும் அது மஞ்சள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த நிறத்தை அவள் எத்தனை சாமிக்கு ஆடையாக ஒட்டியிருக்கிறாள்! கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவிச் சொல்வாள், இது பொன்னிறகு.

வாளி கையிலிருந்து நழுவியது. பன்றி கத்தியது, அவள் காதில் விழவில்லை. எத்தனை வருஷம், எத்தனை விடியக்காலை, எத்தனை டப்பா! மலையில் அவன் எதைத் துரத்திக்கொண்டு போனானோ அதை இங்கே இவள் குச்சியால் கவ்வி எடுத்துச் சுண்ணாம்பில் போட்டிருக்கிறாள். அவன் பத்திரமாக இருக்க வேர் வேண்டும், வேர் வாழக் கொடி வேண்டும் என்று போட்டிருக்கிறாள். "அய்யோ, எம்புள்ள" என்று முனகினாள். சத்தமாக அழக்கூட முடியவில்லை.

அந்தப் பூச்சி இறகை உலர்த்தி முடித்து, எழும்பி, வீட்டுக் கூரையைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனது. அவளும் பின்னாலேயே ஓடினாள்.

சுய்போக் ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மேசை முன்னால் நின்றிருந்தார். பூச்சி படையலுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, பேசினில் தொங்கிய துண்டின்மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்து, இறகை விரித்து மூடியது.

சுய்போக் கையிலிருந்த பத்தி கீழே விழுந்தது. தேய்ந்த முழங்காலோடு மனுஷன் தொபுக்கென்று மண்ணில் உட்கார்ந்தார்.

"தியாம்சாய்" என்றார். "வந்துட்டியாடா?"

போங்யோ மூச்சிரைக்க அவர் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பன் மேல கோவமில்லையாடா? கோவமிருந்தா வந்திருக்க மாட்டேல்ல? நான்தான்டா உன்னப் போகச் சொன்னேன். எங்கண்ணு, நான்தான்டா சொன்னேன்." இரண்டு வருஷமாக அந்த மனுஷன் அழுது அவள் பார்த்ததில்லை. இடுகாட்டில்கூட மரம் மாதிரி நின்றார். இப்போது தெருவே பார்க்கக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார். சியூகிம் ஓடிவந்து பார்த்துவிட்டு முந்திக்கொண்டு கும்பிட்டாள். "வந்துட்டான் பாரு அக்கா! வேற எந்த வீட்டுக்குப் போச்சு? உங்க துண்டுல வந்து உக்காந்திருக்கான் பாரு!"

போங்யோ அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது, இதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. கட்டிய பெண்டாட்டிக்கு அவ்வளவு இரக்கம் மிச்சம் இருந்தது.

பூச்சி எழும்பிக் கரும்புக்காட்டுக்கு மேலாக மலைப்பக்கம் போனது. சுய்போக் கையைக் காட்டினார்.

"பாருடா ஆகூ, எந்தப் பக்கம் போறான் பாரு. உன்னக் கூப்பிடுறான்டா. நாந்தான் புத்திகெட்டு உன்னக் கட்டிப்போட்டுட்டேன். காலையில ஏறு. ஒனக்கு அண்ணன் இருக்கான், ஒண்ணும் ஆகாது."

"நிஜமாவா சொல்றீங்க?" என்றான் ஆகூ. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஏழாம் மாசம்" என்றாள் போங்யோ.

"அவனே வந்து கூப்பிடும்போது மாசம் என்ன மாசம்?"

அன்று பகல் முழுக்க அந்த வீட்டில் கல்யாணக் களைதான். ஆகூ நீள மூங்கில் வெட்டி வந்தான். சுய்போக் வலைத்துணியைத் தைத்துக்கொண்டே வழி சொன்னார், எந்தப் பாறையில் நிற்கணும், எந்த மரத்தில் பூக்கும், காற்று எப்போது திரும்பும் என்று. இரண்டு வருஷமாய்ப் பேசாத அப்பனும் மகனும் பேசிப் பேசித் தீரவில்லை. போங்யோ அடுப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். நடுவில் சுய்போக் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆகூம்மா, கருக்கல்ல எந்திரிச்சு ஒரு வேர் தோண்டி வச்சிரு. இடுப்புல கட்டணுமில்ல" என்றார்.

கருக்கலில் மண்வெட்டியோடு கொடியடிக்குப் போனாள். ஒரு கொத்துப் போட்டாள். கொடி ஆடியது. மழையில் புதிதாய்த் துளிர்த்திருந்த இலைக்குப் பின்னால் நகத்தளவில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அடுத்த இலையில் சின்னதாய் இரண்டு. கறுப்பும் சிவப்புமாக நெளிந்தன. அவள் மண்வெட்டியை வேலியில் சாய்த்து வைத்தாள். இலையோடு சேர்த்துப் புழுக்களைக் கிள்ளிப் பீங்கான் தட்டில் வைத்தாள். மூங்கிலில் ஒட்டியிருந்த வெற்றுக் கூட்டையும் உடையாமல் எடுத்து வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

ஆகூ ரப்பர் காலணியைக் கட்டி முடித்து, வலையைத் தோளில் சாய்த்திருந்தான்.

"வேர் எங்க?" என்றார் சுய்போக்.

"வேர் இல்ல. இதப் பாருங்க."

"என்னது, புழுவா? விடிஞ்சும் விடியாம என்ன இது?"

"நேத்து வந்தது இதுலேருந்து வந்தது. நம்ம வேலியில தின்னு, நம்ம வேலியில கூடு கட்டி, நம்ம வேலியிலேருந்து பறந்துச்சு. எங்கண்ணால பாத்தேன். தியாம்சாய் இல்லங்க அது."

சுய்போக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ளைய வீட்டுல பூட்டி வைக்க நீ என்ன வேணும்னாலும் சொல்லுவே. செத்தவன் வந்தான், தெருவே பாத்துச்சு. அவனப் போயி புழுங்கிறியேடி, நீ ஒரு தாயா?"

"ஆகூ, இந்தாடா. நீ பாரு."

ஆகூ கூட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பினான். விரலால் அளந்தான். பிறந்ததிலிருந்து பூச்சி நடுவில் வளர்ந்த பிள்ளை. "அப்பா, இதுல எறகு மடிஞ்சிருந்த தடம் அப்படியே இருக்கு. இவ்வளவு பெரிசு வேற எந்தப் பூச்சிக்கும் வராது" என்றான். அவன் குரலே மாறிவிட்டது. "அப்பா, அப்போ மலைக்கு எதுக்கு? கொடிய நாலு பக்கமும் படர விட்டா இங்கேயே வளக்கலாமே! எறகுல ஒரு கீறல்கூட இருக்காது."

சொல்லிவிட்டு நிறுத்தினான். "அண்ணன் இதுக்கா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான்.

சுய்போக் அவன் கையிலிருந்து கூட்டை வாங்கினார். இறகு மடிந்திருந்த தடத்தை விரலால் தடவினார். பிறகு கேட்டார்:

"அந்தக் கொடி எங்க அப்பன் காலத்துலேருந்து நிக்குது. அதுல இது இருந்துச்சுன்னா, இத்தன வருஷத்துல ஏன் ஒண்ணுகூடப் பறக்கல?"

இந்தக் கேள்வி வரும் என்று போங்யோவுக்குத் தெரியும். ராத்திரி அடுப்படியிலேயே தெரியும்.

"நான் விடல" என்றாள். "கொடியத் தின்னுருமேன்னு எடுத்துச் சுண்ணாம்புல போட்டேன். கல்யாணமாகி வந்ததுலேருந்து போட்டேன்."

சுய்போக் நிமிர்ந்தார். அவர் முகத்தில் முதலில் கோபம் வரவில்லை. கனத்த மூட்டையைத் தோள் மாற்றுகிறவன் முகத்தில் ஒரு இளைப்பாறல் வருமே, அதுதான் வந்தது. போங்யோ அதைப் பார்த்துவிட்டாள். கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

"அப்போ நீ" என்றார். "நீதான்டி. ஊரு முழுக்க என்னச் சொல்லிச்சு. ரெண்டு வருஷமா வெளிய தலகாட்ட முடியாம கெடக்குறேன். வேலியில இருந்தத நீ கொன்னு கொன்னு போட்டிருக்கே, அது இல்லாமத்தான் அவன் மலைக்குப் போனான். எம்புள்ளையக் கொன்னது நீ."

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. வயித்துக்கு ஏதுடா ஏழாம் மாசம் என்று கத்தினது யார்? அவன் வாசலில் நின்று தயங்கினபோது போ போ என்று விரட்டினது யார்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் மனுஷன் என்ன செய்வார்? நேற்றைய பூச்சிக்கே திரும்பப் போவார். புழுவும் இல்லை, கூடும் இல்லை, வந்தது என் பிள்ளைதான், மன்னித்துவிட்டுப் போனான் என்பார். ஆகூவைப் பார்த்தாள். காலணி கட்டியபடியே இருந்தது. வலை தோளைவிட்டு இறங்கவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அப்பன் சொல்லுக்காகக் காத்து நின்றான்.

"ஆமா" என்றாள் போங்யோ. "நான்தான் கொன்னேன். ஊருக்கும் சொல்லிக்கோங்க. இவனப் போக வேண்டாம்னு சொல்லுங்க."

ஆகூ, "ம்மா" என்றான்.

"நீ சும்மா இரு. நீங்க சொல்லுங்க."

சுய்போக் அவளைப் பார்க்கவில்லை. "வலைய உள்ள வைடா" என்றார்.

அப்புறம் உள்ளே போய் வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கோயில் முற்றத்துப் பக்கம் நடந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனுஷன் கொஞ்சம் வேகமாகத்தான் போனார். போங்யோ அன்று பட்டறைக்குப் போகவில்லை. ஊருக்குச் செய்தி எட்டிவிட்டதா என்று அறிய அங்கே போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சியூகிம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். எப்போதும் நிற்காத வாய். அன்று ஒன்றும் கேட்காமல் கொடியைப் பார்த்தாள், போங்யோவைப் பார்த்தாள், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது சுய்போக் திரும்பி வந்தார். கூடப் பழைய மலைக்காரர்கள் இரண்டு பேர். அவர்கள் கொடுத்த புகையிலையை அவர் புகைத்துக்கொண்டிருந்தார். கொடியடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். "இதோ, இதுலதான். எல்லாம் இங்கேயே இருந்திருக்கு. எம்பொண்டாட்டி சுண்ணாம்புல போட்டே தீத்திருக்கா" என்றார். அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "ஒங்க மேல என்ன தப்பு சுய்போக் அண்ணே, பாவம், ஒங்களப் போயி இத்தன நாளு..." என்றார் ஒருவர். போகும்போது அடுப்படி வாசலில் நின்ற போங்யோவைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவரும் முகம் பார்க்கவில்லை.

சுய்போக் கைகால் கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். "பசிக்குது" என்றார். படைத்த கோழியைத் துண்டு போட்டு, இஞ்சி வதக்கி, சோற்றோடு வைத்தாள். தலை நிமிராமல் சாப்பிட்டார். எலும்பைக் கடித்து உறிஞ்சிச் சாப்பிட்டார். கிண்ணம் காலியானதும் நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

போங்யோ போட்டாள். வெளியே ஆகூ வேலியடியில் குந்தி, எந்த இலையில் புழு இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு கிண்ணம் நிறையப் போட்டு, ஆறாமல் இருக்க மேலே தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.